ஹெல்மெட்டில் நான் போட்ட ஓட்டை

ஒட்டி வைக்கிற வேலையை நான் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் கழித்தவன் நான். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக, மொட்டையாக வந்து நிற்கிற வண்டிக்கு கேபினும், பின்னால் சரக்கு ஏற்றும் பாடியும் கட்டி அனுப்புவோம். அது பாரம் ஏற்றிக்கொண்டு வடக்கே எங்கெங்கோ குண்டும் குழியுமான ரோட்டில் இரண்டு மாதம் ஓடிவிட்டுத் திரும்பி வரும். நான் போட்ட போல்ட் ஒன்றுகூட லூசாகியிருக்காது. அதில் எனக்குத் திமிர் உண்டு. 'ஆட்டம் கொடுக்காது' என்பதுதான் எங்கள் பட்டறையில் ஒரு வேலைக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு. கல்யாண மண்டபத்தில் நாற்காலியில் உட்காரும் முன்கூட அதை ஒரு உலுக்கு உலுக்கிப் பார்ப்பேன். என் மனைவிக்கு அதில் மானம் போகும்.

அந்தத் திமிரோடுதான் என் தங்கை வீட்டுக்காரரின் ஹெல்மெட்டில் ஓட்டை போட்டேன்.

மாப்பிள்ளைக்குக் கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கிற வேலை. காலையில் பைக்கை எடுத்தால் ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, பரமத்தி வேலூர் என்று பண்ணை பண்ணையாகச் சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார். சாதுவான மனுஷன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் கோபத்துக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருப்பார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒருநாள் பரமத்தி வேலூர் பக்கம் வாழைத் தோட்டத்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வந்த கார் ஒன்று அவரை உரசித் தள்ளிவிட்டது. முழங்கை தோல் போனதோடு சரி. ஆனால் கார்க்காரர் அந்த ஊர்ப் பெரிய கை. கூடின கூட்டம் முழுக்க 'பைக்குதான் குறுக்க வந்துச்சு' என்றது. பார்த்தவர்கள் சொன்னார்கள், பார்க்காதவர்களும் சொன்னார்கள். கடைசியில் விழுந்து எழுந்த மனுஷன் இடித்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

"கையெடுத்துக் கும்பிட்டனுங்க மச்சான்," என்றார் என்னிடம். "வலி போச்சுங்க. கும்பிட்டது போக மாட்டேங்குது."

அதற்கடுத்த மாதம் அவருடைய ஹெல்மெட்டின் வலது பக்கத்தில், காதுக்குக் கொஞ்சம் மேலே, தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா வந்து உட்கார்ந்தது. இனிமேல் நான் பார்ப்பதை அதுவும் பார்க்கும், எவனும் மாற்றிப் பேச முடியாது என்றார். "ஏனுங்க மாப்ள, ஒத்தைக் கொம்பு மொளைச்சிருக்குது?" என்று நான் கிண்டல் செய்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையம் அணைக்கு ஒரு நடை போய்வந்து, அந்தப் படத்தை எங்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினார். ரோடு, கரும்புக் காடு, ஆற்றில் குளிக்கிற கூட்டம், வறுத்த மீன் கடை. நடுநடுவே அவர் மூச்சு விடுகிற சத்தம். "மீன் கடை வரைக்கும் போயிட்டு வெறுங்கையோட வந்திருக்கறாரு பாருங்கண்ணா, சாட்சியே இருக்குது," என்றாள் என் தங்கை. அன்றைக்கு நாங்கள் சிரித்த மாதிரி அப்புறம் சிரித்ததில்லை.

கேமராவை ஹெல்மெட்டோடு பிடித்து வைத்திருந்தது இரண்டு பக்கமும் பசை உள்ள ஒரு டேப்பு. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது தாங்குமா? நாமகிரிப்பேட்டை ரோட்டில் மஞ்சள் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று பின்னால் வந்துகொண்டிருக்கும்போது கேமரா கழன்று ரோட்டில் விழுந்துவிட்டது. சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்ததால் தப்பித்தது. மறுநாள் ஹெல்மெட்டையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"வேற நல்ல டேப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா மச்சான்?"

அவர் கேட்டது டேப்பு. அதை நான் இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் டேப்புதான் கேட்டார்.

"டேப்பு வாங்க ஸ்டேஷனரிக் கடைக்குப் போங்க. இங்க வந்தா போல்ட்டுதான்," என்றேன்.

"ஓட்டை போட்டா ஒண்ணும் ஆகாதுங்களா?"

"லாரி பாரத்தையே தாங்குதுங்க மாப்ள. இந்த எலந்தப்பழத்தைத் தாங்காதா?"

டிரில் மெஷினில் ஆறு எம்.எம். பிட் மாட்டி ஒரு அழுத்து அழுத்தினேன். வெளி ஓடு கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதைத் தாண்டியதும் பிட் பொலபொலவென்று உள்ளே போனது. உள்ளே இருந்தது தெர்மோகோல் மாதிரி ஒரு வெள்ளைச் சமாச்சாரம். 'இந்தப் பொரிக்கா இத்தனை விலை கொடுத்தீங்க' என்று கேட்டுவிட்டு, நட்டு உட்காருவதற்குக் கத்தியால் அதில் ஒரு குழி தோண்டினேன். பெரிய வாஷர் ஒன்று, அதன்மேல் லாக் நட்டு. போல்ட்டின் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அரத்தால் ராவி மழுங்கடித்துவிட்டு, உள்துணியை இழுத்து மூடினேன். கேமராவைக் கையில் பிடித்து, ஹெல்மெட்டையே தலைகீழாகத் தொங்கவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். ஒரு முனகல் இல்லை.

"இனி உங்க தலை போனாத்தான் இது போகும்," என்றேன். பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். எதை எதையோ செய்யாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து சொந்தக்காரர் வீட்டுச் சீர் விசேஷத்துக்காக அவர் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து வேலூர் போனேன். வழியில் சோதனை. ஒரு எஸ்.ஐ. நிறுத்தினார். ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் பார்த்துவிட்டு, கேமராவைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி வாங்கினார். வெளியே தடவினார். பிறகு உள்ளே விரலை விட்டுத் துணிக்கடியில் அழுத்திப் பார்த்தார்.

"யாரு இதைப் போட்டது?"

நான் முன்னால் வந்து, "நாந்தானுங்க," என்றேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

"கேமரா வெக்கலாமா கூடாதான்னு எங்களுக்குள்ளயே ஆளுக்கொரு பேச்சுதாங்க," என்றார் அவர். குரலில் அதட்டல் இல்லை. "சில ஊர்ல ஃபைன் போடறாங்க, சில ஊர்ல கண்டுக்கறதில்லை. அதை விடுங்க. ஆனா ஓட்டை போட்ட ஹெல்மெட்டு ஹெல்மெட்டே இல்லைங்க. அந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை, கம்பெனி குடுத்தது குடுத்தபடி இருந்தாத்தான். இதைத் தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசு வாங்குங்க. கேமரா வேணும்னா வண்டி ஹேண்டில்பார்ல வெச்சுக்குங்க."

ஃபைன்கூடப் போடாமல் அனுப்பிவிட்டார். எனக்கு ஃபைன் போட்டிருந்தால்கூடக் கோபம் அவ்வளவு வந்திருக்காது. வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். காக்கிச் சட்டை போட்டால் போல்ட்டைப் பற்றியும் பாடம் எடுக்கலாம் என்ற நினைப்பா? எனக்கா? சீரில் சாப்பிட உட்கார்ந்தபோதும் அதே பேச்சு.

மாப்பிள்ளை மெதுவாக, "அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்களே மச்சான். கழட்டிப்போடலாமுங்களா?" என்றார்.

"கழட்டினா ஓட்டை மட்டும் இருக்குமுங்க. அது பரவாயில்லையா? அவன் பேச்சைக் கேட்டு என்ற வேலையில குத்தம் கண்டுபிடிக்கறீங்களா?"

அவர் கழற்றவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று அந்த ஹெல்மெட்டையே போட்டுக்கொண்டிருந்தார். என் மனத்தை அவர் அப்படிக் காப்பாற்றினார்.

அது நடந்தது ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். ராசிபுரம் ரோட்டில் இடது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் மெயின் ரோட்டில் ஏறிவிட்டது. மாப்பிள்ளை பிரேக் பிடித்திருக்கிறார். வண்டி முக்கால்வாசி நின்றே போய்விட்டது. கார் மூக்கில் தட்டி வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். அவ்வளவுதான். கையிலும் காலிலும் சிராய்ப்புக்கூடப் பெரிதாக இல்லை.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது அவரை ஆபரேஷனுக்கு உள்ளே எடுத்துவிட்டார்கள். நர்ஸ் அவருடைய துணிமணி, செருப்பு, பர்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். ஹெல்மெட் தனியாக. கேமரா வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் உரசின தடம். சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் என் கை தானாகப் போய்க் கேமராவை ஆட்டிப் பார்த்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆட்டம் கொடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர் ஹெல்மெட்டைக் கேட்டார். தங்கை அப்போது கீழே கேண்டீனுக்குப் போயிருந்தாள். டாக்டர் ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்து, உள்துணியை விலக்கினார். நட்டைச் சுற்றி வெள்ளைச் சமாச்சாரம் நசுங்கியிருக்க, போல்ட்டின் நுனி தலைப் பக்கமாக வெளியே வந்திருந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது பக்க மண்டையோட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம்.

"இது கம்பெனியில வந்ததா, யாராவது போட்டதா?"

நான் என் நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் துடைத்தேன்.

"விழுந்தா கேமரா பிச்சுக்கிட்டுப் போயிடணும்ங்க," என்றார். "டேப்புல ஒட்டறதே அதுக்காகத்தான். அது போயிட்டா ஹெல்மெட் ரோட்டுல வழுக்கிட்டுப் போகும், உள்ள இருக்கிற ஃபோம் நசுங்கி அடியை வாங்கிக்கும். இது போகாம நின்னு, அடி மொத்தத்தையும் உள்ள தள்ளியிருக்கு."

"இது இல்லாட்டி?"

"நிச்சயமா என்னால சொல்ல முடியாதுங்க." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆனா எலும்பு உடைஞ்சது இந்த இடத்துல மட்டும்தான்."

நான் ஹெல்மெட்டை வாங்கிப் பழையபடி உள்துணியை இழுத்து மூடினேன். போல்ட்டை இருந்தபடியே விட்டு, கேமராவை மட்டும் ஸ்பேனர் போட்டுக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தேன். ஹெல்மெட்டை யாருக்கும் தெரியாமல் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பரண்மேல் பழைய தார்ப்பாய்க்கு அடியில் போட்டேன். போலீஸ் கேட்டது படம் இருந்த மெமரி கார்டை மட்டும்தான். அந்தப் படத்தில் எல்லாம் பட்டப்பகலாகத் தெரிந்தது. சந்து, கார், கார்க்காரர் காதில் போன், மாப்பிள்ளை பிடித்த பிரேக். கார்க்காரர் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இந்தத் தடவை மாப்பிள்ளை யாரையும் கும்பிட வேண்டியிருக்கவில்லை.

வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் என் தங்கை இதைச் சொன்னாள். "எங்கண்ணன் போட்ட போல்ட்டுங்க. டேப்பா இருந்திருந்தா கேமரா எங்கியோ போயிருக்கும். எங்களுக்கு ஞாயம் கெடைச்சதே எங்கண்ணனாலதான்." நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். காப்பி கொடுத்தால் குடிப்பேன். அப்படி ஒரு மனுஷனால் இருக்க முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வந்தார். இடது கையும் காலும் சரியாக வரவில்லை. அதைவிடக் கொடுமை, புதிதாக எதுவும் அவர் மனத்தில் தங்குவதில்லை. பழசெல்லாம் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் பேர், மருந்துகளின் பேர், வேலூரில் கும்பிட்டது வரை எல்லாம் இருக்கிறது. இன்றைக்கு நடந்தது தூங்கி எழுந்தால் போய்விடும். கட்டிலிலிருந்து அவரைத் தூக்கிக் குளிக்க வைக்க என் தங்கையால் ஆகாது. அதனால் தினமும் பட்டறைக்குப் போகும் முன் நான் போவேன். தினமும் அவர் புதிதாக என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"வாங்க மச்சான். எனக்கு என்னாச்சுங்க?"

"வண்டியில விழுந்துட்டீங்க மாப்ள."

"கேமராவுல இருக்குமுங்களே?"

"இருக்குதுங்க. தப்பு கார்க்காரன் மேலதான். ஒத்துக்கிட்டான்."

அதைக் கேட்டதும் அவர் முகம் மலரும். தலையணையில் சாய்ந்துகொண்டு, "நம்ம போல்ட்டு நின்னுச்சு பாத்தீங்களா," என்பார். ஏழு மாதமாக, ஒருநாள் தவறாமல், அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு அவருக்கு முதுகு தேய்த்துவிட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் என் தங்கை பட்டறைக்கு வந்தாள். இப்போது அவள் நாமக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், ஸ்கூட்டரில் போய்வருகிறாள். கையில் புது ஹெல்மெட். அதற்குள் மாப்பிள்ளையின் கேமரா.

"இதுலயும் அதே மாதிரி போட்டுக் குடுங்கண்ணா. எனக்கும் ரோட்டுல பயமா இருக்குது. நாளைக்கு எனக்கொண்ணுன்னா பேச யாரிருக்கறா?"

"ஸ்கூட்டர் முன்னால மாட்டிக்கலாம், அம்மிணி."

"அதெல்லாம் ஆடுமுங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததா?"

"வேண்டாம்னா உடேன்!" என்று கத்தினேன். வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் மிரண்டுபோனாள். கண் கலங்கிவிட்டது. புருஷனுக்காக ஏழு மாதமாக அழாமல் இருந்தவள், நான் கத்தியதற்கு அழுதாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஏணி போட்டு ஏறிப் பரண்மேலிருந்து அந்த ஹெல்மெட்டை எடுத்து வந்தேன். உள்துணியைக் கிழித்துவிட்டு அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். டாக்டர் சொன்னது, எஸ்.ஐ. சொன்னது, மாப்பிள்ளை கழற்றிவிடலாமா என்று கேட்டது, நான் அதட்டியது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் விரலை எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் அந்தப் போல்ட்டின் நுனியைத் தடவிக்கொண்டே நின்றாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். எதையாவது செய்ய மாட்டாளா என்றுகூட இருந்தது.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுது?" என்றாள் கடைசியில். "அவருகிட்டச் சொல்லுங்க."

புது ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கேமரா என் மேஜைமேல் கிடந்தது.

மறுநாள் காலையில் போனேன். வழக்கம்போல, "எனக்கு என்னாச்சுங்க?" என்று அவர் கேட்டதும், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். என் தங்கை கதவோரம் நின்றிருந்தாள். அவருக்கு எல்லாம் புரிந்தது. நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார். அந்த எஸ்.ஐ. சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. "நானு கழட்டலாம்னு சொன்னனே மச்சான்," என்றார். "சொன்னீங்க," என்றேன். வலது கையால் தலையின் அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "போயிருங்க மச்சான்," என்றார். அவர் என்னைப் போகச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவரை யார் தூக்கினார்கள், தங்கை எப்படிக் குளிக்க வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. பட்டறைக்கும் போகாமல் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனால் தூக்க வேறு ஆள் இல்லை. போனேன். தங்கை கதவைத் திறந்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். கையில் துண்டு வைத்திருந்தாள்.

அவர் கண் விழித்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மச்சான். எனக்கு என்னாச்சுங்க?"

அவள் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியில விழுந்துட்டீங்க மாப்ள," என்றேன். "தப்பு கார்க்காரன் மேலதான்."

அவர் சந்தோஷமாகக் கையை நீட்டி என் கழுத்தைக் கட்டிக்கொண்டார், தூக்குவதற்கு வாகாக. அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று தெரிந்ததும் என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது. அது என் முகத்தில் தெரிந்திருக்கும். நிமிர்ந்தபோது என் தங்கை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.